ஊசி அக்காவின் கை

எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அப்பா ஒரு பன் வாங்கி வருவார். வாங்கி என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் வேலை பார்ப்பதே பேக்கரியில்தான். ராத்திரி முழுக்க அடுப்புக்கு முன்னால் நின்று ரொட்டி சுட்டுவிட்டு, விடிந்த பிறகு புருவத்தில் மாவோடு வருவார். சூடான பன்னுக்குத் தீராத கவலை உலகத்திலேயே இல்லை என்பது அவர் எண்ணம்.

அந்த வாரம் மேசைமேல் பன் குவிந்து கிடந்தது. அக்கா ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றையும் நான்தான் தின்றேன். கவலை தீரவில்லை. வயிறுதான் உப்பியது.

அக்காவுக்குக் கல்லூரியில் கடைசி வருடம். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடி, அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. வீட்டிலும் அவள் அப்படித்தான். யார் பாத்திரம் கழுவுவது, யார் குப்பை கொட்டுவது என்று அவள்தான் முடிவு செய்வாள். பெரும்பாலும் பந்து என்னிடம்தான் வரும்.

அந்தக் கல்லூரி கூடைப்பந்தில் ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கியதில்லை. வாசலில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. சதுரங்கத்துக்கு வாங்கிய கோப்பைகள், ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கியவை, பேச்சுப்போட்டிக்கு வாங்கியவை எல்லாம் அதில் நிற்கும். கூடைப்பந்துக்கென்று ஒதுக்கிய தட்டில் காவல்காரர் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொள்வார்.

இந்த வருடமும் முதல் ஆட்டத்திலேயே படுதோல்வி. காவல்காரர் டப்பாவை நகர்த்தவே தேவையில்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் எப்படியோ ஜெயித்தார்கள். அதற்கடுத்ததும் ஜெயம். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு ஆட்டம் விடாமல் அக்காவின் பின்னாலேயே போனேன். அதனால் அணியில் எல்லாரும் எனக்கு 'வால்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அரையிறுதி ஆட்டத்தில் அக்கா பந்துக்காக எகிறிக் குதித்தாள். இறங்கும்போது கால் மடங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டுவிட்டாள். அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டத்தில் எங்கள் அணி ஜெயித்தது. இறுதி ஆட்டத்துக்கும் போனது. ஆனால் முட்டிக்குள் தசைநார் கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இந்த வருடம் ஆட்டமே கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த வருடம் கிடையாது என்றால் அக்காவுக்கு எந்த வருடமும் கிடையாது. படிப்புதான் முடிகிறதே.

அதிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. அக்கா அறைக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். மலைபோலக் குவிந்த படுக்கை விரிப்புகளைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் எதற்கும் சட்டென்று கலங்க மாட்டாள். "கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கணும்," என்று மட்டும் சொன்னாள். ஆனால் அவளும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டி ஊசி அக்கா வந்தாள். ஆள் ஊசி மாதிரி ஒல்லியாக இருப்பாள், அதனால் அந்தப் பெயர். இரண்டாம் வருடம் படிக்கிறாள். அக்காவுக்குப் பதிலாக இறுதி ஆட்டத்தில் ஆடப்போகிறவள் அவள்தான். ஆரஞ்சுப் பழங்களைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அக்காவைப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறவர்கள் அவ்வளவு இறுக்கமாகக் கண்ணை மூட மாட்டார்கள்.

"தூங்கறா," என்றேன் வாசலுக்கு வந்து.

"பரவால்ல. எழுப்பாத," என்றாள் ஊசி அக்கா. பழப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நேரே அறைக்குள் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், உன்னால் நான் பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்று சண்டை போட்டேன். அக்கா திருப்பித் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் எழுந்து விளக்கைப் போடவில்லை.

"ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாது," என்றாள் அக்கா.

"சொல்ல மாட்டேன்."

"அவங்க தோத்துப் போகணும்னு எனக்குத் தோணுதுடி." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாலு வருஷமா நான் ஆடியும் கிடைக்காத கோப்பை, நான் இல்லாதப்போ கிடைச்சுட்டா? அப்போ நான் எதுக்கு இருந்தேன்?"

ரகசியம் கிடைத்தால் எனக்குப் பொதுவாகக் குஷி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருடைய ரகசியம் என்னிடம்தான் இருக்கிறது. இது அப்படி இல்லை. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல இருந்தது. அக்கா கெட்டவள் ஆகிவிட்டாளோ என்று பயமாகக்கூட இருந்தது. ஆனால் அவள் தலையணை நனைந்திருந்தது. கெட்டவர்கள் இப்படி அழுதுகொண்டா கெட்டதை நினைப்பார்கள்?

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சை உரித்து அவள் கையில் வைத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கல்லூரிப் பக்கமாகப் போனேன். அணி பயிற்சி செய்துகொண்டிருந்தது. கம்பி வேலியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. ஊசி அக்கா கையில் பந்து நிற்கவே இல்லை. வழக்கமாக அவள் பந்தைத் தட்டினால் நூல் கட்டி இழுத்தது போலக் கூடவே வரும். இப்போது காலில் பட்டு உருண்டது. கொடுத்த பந்து ஆளில்லாத இடத்துக்குப் போனது. கோச் ஒன்றும் சொல்லாமல் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகும் ஊசி அக்கா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன ஆயிற்று என்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பெரியவர்கள் எல்லாரும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன்.

அப்புறம் சொன்னாள். அவர்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி வெளியே வந்து இன்னொருத்தி உள்ளே போகும்போது, வருகிறவள் போகிறவளின் உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு, 'பாத்துக்கோ' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த இடம் போகிறவளுடையது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இது தவறாது. இதைக் கொண்டுவந்ததே என் அக்காதான்.

"அன்னிக்கு ஸ்ட்ரெச்சர்ல கொண்டு போனப்போ நான் பக்கத்துல போய்க் கையை நீட்டினேன்," என்றாள் ஊசி அக்கா. "அக்கா தட்டல. முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. கையை நீட்டிக்கிட்டே கொஞ்ச தூரம் கூடவே ஓடினேன். எல்லாரும் பாத்தாங்க."

தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"அவங்க எனக்கு அந்த இடத்தைக் குடுக்கல. குடுக்காததை எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கு. பந்து கைக்கு வந்தாலே அதுதான் ஞாபகம் வருது."

வலியில் துடிக்கிறவளிடம் கையை நீட்டினால் எப்படித் தட்டுவாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆனால் ஊசி அக்காவுக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தாலும் மனசு கேட்க வேண்டுமே. வீட்டில் இருப்பவளுக்கும் அதே கதைதான். இப்போது என் நெஞ்சில் இரண்டு கல்.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. ஊசி அக்கா கையை நீட்டியது, கூடவே ஓடியது, எல்லாரும் பார்த்தது.

அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"எந்தக் கை? நான் பாக்கவே இல்லையே. உயிர் போற வலிடி எனக்கு. கண்ணை மூடிட்டிருந்தேன்."

"அது அவங்களுக்குத் தெரியாதே."

அக்கா செல்போனை எடுத்தாள். ரொம்ப நேரம் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழையபடி கவிழ்த்து வைத்தாள். போனில் கையைத் தட்ட முடியாதில்லையா? அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

இறுதி ஆட்டத்தன்று காலை அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அப்பா பேக்கரியிலிருந்து வந்து, தூங்காமல், ஆட்டம் பார்க்கப் போகலாமா என்று அறை வாசலில் நின்று கேட்டார். அக்கா வரவில்லை என்றாள். அப்பா கையில் இருந்த பன்னை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் முதுகைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் போகவில்லை. கதவுநிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

"அங்க வந்தா அழுதுடுவேன்டி," என்றாள் அக்கா.

"இங்கேயும் அதைத்தானே பண்ற? அங்க வந்து அழு. ஒரே சத்தமா இருக்கும், யாருக்கும் கேக்காது."

அக்கா என்னை முறைத்தாள். அப்புறம் போர்வையை விலக்கி, "அந்த ஊன்றுகட்டையை எடு," என்றாள்.

விளையாட்டரங்கில் ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னாலேயே கோச் அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஊன்றுகட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். எனக்குப் பக்கத்தில் அப்பா. விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில் அப்பா தூங்கிவிட்டார். ராத்திரி வேலை பார்க்கிறவரை எதுவும் சொல்ல முடியாது.

ஊசி அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டமும் மோசமாகப் போனது. அவள் பந்தைப் பறிகொடுத்தாள். மறுபடி பறிகொடுத்தாள். எதிரணி கூடைமேல் கூடையாகப் போட்டது. கோச் அவளை வெளியே கூப்பிட்டுக்கொண்டார். இடைவேளை வந்தபோது அவள் பெஞ்சின் கோடியில் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"நான் நினைச்ச மாதிரியே நடக்குது," என்றாள் என் காதோடு.

"சந்தோஷமா இருக்கா?"

"இல்லடி."

"அப்போ மாத்தி நினை."

அக்காவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. பெஞ்சின் கோடியைப் பார்த்தபடி, ஊசி ஏன் இடது பக்கமாகவே ஓடுகிறாள் என்று கேட்டாள். நீ அப்படித்தானே ஓடுவாய், உன்னை மாதிரி ஆடப் பார்க்கிறாள் என்றேன்.

"லூசு. அவளுக்கு வலது பக்கம்தானே நல்லா வரும்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் அஞ்சாம் கிளாஸ்," என்றேன்.

அக்கா அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும். எழுந்து போய் ஊசி அக்காவின் துண்டைப் பிடித்து இழுத்தேன். அக்கா உங்களோடு பேச வேண்டுமாம் என்றேன். அவள் திட்டு வாங்கப் போகிறவள் போல என் பின்னால் வந்தாள். வாலுக்குப் பின்னால் ஓர் ஆள் நடந்து வந்தது அன்றைக்குத்தான்.

அக்கா இரண்டு ஊன்றுகட்டைகளையும் ஊன்றி எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான் சிக்கல் புரிந்தது. இரண்டு கையும் கட்டையில் இருந்தன. தட்டுவதற்குக் கை இல்லை. விட்டால் விழுந்துவிடுவாள். ஊசி அக்கா எதுவும் புரியாமல் எதிரே நின்றாள்.

நான் அக்காவின் வலது பக்கக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் என் தோளைக் கொடுத்தேன். அக்கா முழுப் பாரத்தையும் என்மேல் சாய்த்தாள். தோள் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை பன் தின்றதற்கு ஒரு பலன் வேண்டாமா?

"அன்னிக்கு உன் கையை நான் பாக்கலடி," என்றாள் அக்கா. "நிஜமா பாக்கல. பாத்திருந்தா தட்டியிருப்பேன்."

ஊசி அக்கா முதல் தடவையாக அவளை நேரே பார்த்தாள்.

"கையை நீட்டு."

நீட்டினாள். அக்கா ஓங்கித் தட்டினாள். அந்தச் சத்தத்தில் அப்பாவே விழித்துக்கொண்டார்.

"பாத்துக்கோ," என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. இனி அந்த இடம் அவளுடையது இல்லை என்று அவளே சொல்கிறாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இடது பக்கம் போகாத. வலது பக்கம் போ. ரெண்டு பேர் உன்னை மறிக்க வந்தா, கூடைக்குக் கீழ யாராவது சும்மா நிப்பா. பாரு," என்றாள்.

கோச் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இடைவேளை முடிந்ததும் ஊசி அக்காவை உள்ளே அனுப்பினார்.

உள்ளே போனதும் முதல் பந்தையே அவள் பறிகொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அடுத்த பந்து அவள் கையில் நின்றது. வலது பக்கமாக ஓடினாள். ஒரு கூடை விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரே ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தோம். பந்து ஊசி அக்காவிடம் வந்தது. வலது பக்கமாகப் பாய்ந்தாள். அவளை மறிக்க இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கூடைக்குக் கீழே அணித்தலைவி சும்மா நின்றாள். பந்து அவளுக்குப் போனது. அவள் எறிந்தாள். பந்து வளையத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, போனால் போகிறதென்று உள்ளே விழுந்தது. மணி அடித்துவிட்டது.

முதல் தடவையாக நாங்கள் கோப்பையை ஜெயித்தோம். அரங்கமே எழுந்து நின்று கத்தியது. ஆட்டக்காரர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து புரண்டார்கள். அப்பா யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. அதில் பாதி சந்தோஷம்தான். மீதிப் பாதி சந்தோஷம் இல்லை. அவள் ஆடியிருக்க வேண்டிய ஆட்டம் அது. நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

படம் எடுக்க அணியில் எல்லாரும் நடுத்தளத்தில் கூடினார்கள். அக்காவையும் கூப்பிட்டார்கள். பளபளவென்று இருந்த மரத்தரையில் கட்டை வழுக்கியது. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா கையசைத்தாள். படக்காரருக்கு என்ன அவசரமோ, சட்டென்று எடுத்து முடித்துவிட்டார். அந்தப் படத்தில் என் அக்கா இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அணியின் பேருந்தில் படி உயரம். அக்காவால் ஏற முடியாது. அப்பா டாக்ஸி பிடித்தார். கிளம்பும் நேரத்தில் ஊசி அக்கா கோப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். பேருந்தில் எல்லாரும் குதித்து ஆடுகிறார்கள், கோப்பை நசுங்கிவிடும் என்று சொல்லி, ஜன்னல் வழியாக அதை அக்காவின் மடியில் வைத்தாள். கோச்சிடம் கேட்டுவிட்டாளாம்.

"நாளைக்குக் காலேஜுக்கு நீங்களே கொண்டு வந்துடுங்கக்கா," என்றாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டாள்.

வண்டி நகர்ந்தது. முன் சீட்டில் அப்பா மறுபடி தூங்கிவிட்டார். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்து, கோப்பை பெரிதாக இருக்கிறதே, யாருக்குக் கிடைத்தது என்று கேட்டார். அக்கா என்ன சொல்லப் போகிறாளோ?

"எங்க காலேஜுக்கு. இதுதான் முதல் தடவை," என்றாள் அக்கா.

"நீங்களும் ஆடுவீங்களாம்மா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். உச்சி வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது.

"ஆடினேன்," என்றாள். "இந்தக் கோப்பைக்காக வருஷம் பூரா ஆடினேன். கடைசி ஆட்டத்தை மட்டும் உக்காந்து பாத்தேன்."

டாக்ஸிக்காரர், அப்படியா என்றார். அதற்குப் பிறகு சாலையில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம், அவள் கால் அதிராமல் வண்டியை மெல்ல ஓட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா கோப்பையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அவளுக்குக் காலை நீட்ட வேண்டுமாம். கோப்பை நல்ல கனம். வீடு வரும்வரை அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.